சிகரெட் கம்பெனி போட்ட ராக் ரெக்கார்டு: ஒருத்தருக்குப் பொக்கிஷம், இன்னொருத்தருக்கு இரைச்சல்

1) மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் ரெண்டுக்கும் லீவு. ஒரு பழைய எல்பி ரெக்கார்டோட வரலாறு சொல்லப் போறேன். டாக்டர் புத்தி, கடைசில எப்படியும் நுரையீரல்ல வந்துதான் நிக்கும். நீளமான திரெட். டீயை பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க.

2) 1970-ல் இந்தியாவில் ஒரு எல்பி வந்தது. பெயர் 'சிம்லா பீட் 70'. அடுத்த வருஷம் 'சிம்லா பீட் 71'. சிம்லான்னதும் மலையும் பனியும் ஞாபகம் வரும். ஆனா இது ஊர் பேரு இல்லைங்க. சிகரெட் பேரு. இம்பீரியல் டொபாகோ கம்பெனி (இன்றைய ஐடிசி) விற்ற ஒரு பிராண்டு. 1910-ல் கல்கத்தாவில் தொடங்கிய அந்தக் கம்பெனி, 1970-ல்தான் 'இந்தியா டொபாகோ கம்பெனி' என்று பெயரை மாற்றிக்கொண்டது.

3) அந்தக் கம்பெனி 'அகில இந்திய சிம்லா பீட் கான்டெஸ்ட்' என்று ஒரு போட்டி நடத்தியது. கல்லூரிப் பசங்க, ஆங்கிலோ இந்தியப் பசங்க, கோவாக்காரங்க, ஷில்லாங் பசங்க என்று நாடு முழுக்க இருந்த கிட்டார் குழுக்கள் மோதும். இறுதிச் சுற்று பம்பாயில். நல்லா வாசிச்ச குழுக்களோட பாட்டுகளைத் தொகுத்துப் போட்டதுதான் இந்த ரெண்டு எல்பியும்.

4) உள்ளே இருப்பது என்ன? வேகமான டிரம்ஸ், உறுமும் கிட்டார், தொண்டை கிழியப் பாடுற பசங்க. இப்போது இதை 'சைக்கடெலிக் ராக்' என்று வகைப்படுத்துகிறார்கள். பெங்களூர் 'டைனோசர்ஸ்' குழு, அமெரிக்காவின் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969-ல் போட்ட 'சினிஸ்டர் பர்ப்பஸ்' பாட்டை எடுத்துப் பாடியிருக்கும். 'கன்ஃப்யூஷன்ஸ்' குழுவோட 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்' இருக்கு. ஷில்லாங் 'ஃபென்டோன்ஸ்' குழு 'சிம்லா பீட் தீம்' என்றே ஒரு பாட்டு வாசிச்சிருக்கும். அதாவது சிகரெட் பேருலயே பாட்டு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரேன்.

5) இந்த ரெக்கார்டுகளைக் கேட்டவர்கள் அன்றிலிருந்து இன்று வரை ஒத்துப்போனதே இல்லை. ஒரு கூட்டம் "புதையல்" என்கிறது. ஒரு கூட்டம் "வெள்ளைக்காரனைப் பார்த்து காப்பி அடிச்சது" என்கிறது. மூணாவது கூட்டம் "இதெல்லாம் ஒரு பாட்டா, இரைச்சல்" என்று எழுந்து போய்விடும். ஒரே தட்டு, ஒரே ஊசி. எப்படி இவ்வளவு வித்தியாசம்? அதைத்தான் ஒவ்வொண்ணா பார்க்கப் போறோம்.

6) முதல்ல அந்த வார்த்தை. 'சைக்கடெலிக்' பாட்டுக்காரங்க கண்டுபிடிச்ச சொல் இல்லை. அது ஒரு மனநல மருத்துவர் தந்தது! ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற ஆங்கிலேயர். கனடாவில் வேலை பார்த்தவர். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு 1956-ல் எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லை உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'மனதை வெளிக்காட்டுவது' என்று பொருள். எல்எஸ்டி போன்ற மருந்துகளைக் குடிநோய்க்குக் கொடுத்துப் பார்த்த காலம் அது.

7) எல்எஸ்டி-யின் மூளை விளைவைக் கண்டறிந்தவர் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், 1943-ல். ஆய்வகத்தில் இருந்த சரக்கு 60களில் அமெரிக்கத் தெருவுக்கு வந்தது. அந்த அனுபவத்தை ஒலியில் காட்டுறோம்னு சொல்லி வந்ததுதான் சைக்கடெலிக் ராக். எதிரொலி, தலைகீழா ஓடுற டேப், நீண்டுக்கிட்டே போற கிட்டார். (இந்தியாவில் எல்எஸ்டி 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. இந்தப் பாட்டு கேட்க அது தேவையும் இல்லை.)

8) அந்த உறுமல் எப்படி வருதுன்னு கேப்பீங்க. 'ஃபஸ்' என்று ஒரு கருவி. கிட்டாரில் இருந்து வரும் மின் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் தலையையும் காலையும் வெட்டிவிடும். வளைவா இருக்கிற அலை சதுரமாயிடும். அதுல புதுசு புதுசா ஓசைகள் முளைக்கும். கரகரன்னு கேக்கும். பழைய ரேடியோவில் சத்தத்தை ரொம்ப ஏத்துனா ஸ்பீக்கர் கிழியிற மாதிரி கேக்குமே, அதேதான். ரேடியோல அது கோளாறு. இங்க அதை வேணும்னே செய்றாங்க.

9) அன்றைய இந்தியாவில் வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர், கிட்டார் இறக்குமதி செய்வது பெரும்பாடு. லைசென்ஸ், சுங்க வரி. அதனால பல குழுக்கள் உள்ளூர் மெக்கானிக்குகள் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர்களை வைத்தே வாசித்தன. இந்தக் குழுக்கள் மேல இன்னைக்கு ஒருத்தர் ரசிக்கிற அந்த முரட்டு ஓசைக்கு, ரசனையைப் போலவே பற்றாக்குறையும் ஒரு காரணம்.

10) இன்னொரு வேடிக்கை. இந்த இசை இந்தியாவிடம் கடன் வாங்கியது. 1965-ல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு பாட்டில் சிதார் வாசித்தார். அடுத்து ரவிசங்கரிடமே சிஷ்யராகச் சேர்ந்தார். 1967-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே விழா, 1969-ல் உட்ஸ்டாக், இரண்டிலும் ரவிசங்கர் மேடை ஏறினார். அப்போ இந்தியப் பெரியவர்கள் இந்த இசையைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கணும் இல்லையா?

11) அதுதான் இல்லை. மான்டரேயில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசிப்பை ரவிசங்கர் வியந்தார். ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் தன் கிட்டாரைத் தீ வைத்துக் கொளுத்தியதும், 'தி ஹூ' குழு கருவிகளை உடைத்ததும் அவரை உலுக்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்கும் தையல் மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிற ஊர்க்காரங்க நாம. அவர் வலி நமக்குப் புரியும். கச்சேரியில் போதையோடு உட்கார்வதையும் அவர் பலமுறை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரே மனுஷர், ஒரே ராத்திரி, அதே கலைஞர். பிடிச்சும் இருக்கு, பிடிக்காமலும் இருக்கு. கலவையான எதிர்வினைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

12) இப்ப நம்ம பக்கம் வருவோம். 1970-ல் பள்ளிகொண்டா, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக் காதுகளுக்கு இசை என்றால் இலங்கை வானொலி, விவித் பாரதி, டென்ட் கொட்டகை, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, கோயில் நாதஸ்வரம், தர்கா சந்தனக்கூட்டுப் பாட்டு. எல்பி பிளேயர் வசதியான வீட்டுப் பொருள். 'சிம்லா பீட்' ஆங்கிலம் பேசும் நகரத்து இளைஞர்களுக்கானது. நம்ம ஊருக்கு அந்தக் கிட்டார் ஓசை சினிமா வழியாத்தான் வந்தது, அதுவும் பெரும்பாலும் கிளப் டான்ஸ் சீனில், வில்லன் சிகரெட்டோட உக்காந்திருக்கும்போது! 'இந்த ஓசைன்னா கெட்ட சகவாசம்' என்று காதுக்கு யாரும் பாடம் எடுக்கல. படம் பார்த்தே படிஞ்சுது.

13) இங்க கொஞ்சம் மருத்துவம். நாம பாட்டு கேக்கும்போது மூளை சும்மா வாங்கிக்கிறது இல்லை. அடுத்து என்ன வரும்னு கணிச்சுக்கிட்டே இருக்கும். கணிப்பு பலிச்சாலும் சுகம், அழகா ஏமாந்தாலும் சுகம். கனடாவில் சலிம்பூர் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பிடித்த இசையில் உடம்பு சிலிர்க்கும் நேரத்தில் மூளையில் டோபமைன் சுரப்பதை ஸ்கேனில் காட்டினார்கள். சிலிர்ப்புக்கு முந்தைய எதிர்பார்ப்பு நேரத்திலேயே அது தொடங்கிவிடுகிறது.

14) ஆனா கணிக்கணும்னா பழக்கம் வேணும். ஆதி தாளமே தெரியாதவருக்குத் தனி ஆவர்த்தனம் வெறும் தட்டல். நாலு சதுர ராக் தாளம் பழகாதவருக்கு 'சிம்லா பீட்' வெறும் சத்தம். 1968-ல் உளவியலாளர் ராபர்ட் ஸயான்க் காட்டினார்: ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலோ கேட்டாலோ, அதன் மேல் விருப்பம் கூடுகிறது. தியேட்டரில் பிடிக்காத பாட்டு மூணாவது வாரம் வாயில் முணுமுணுக்குதே, அதுதான் இது.

15) "சுருதி சேராத சத்தம் யாருக்குமே பிடிக்காது, அது இயற்கை" என்பார்கள். அதையும் சோதிச்சிருக்காங்க. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. நமக்கு இனிமையாகப் படும் சுரச் சேர்க்கை, கரடாகப் படும் சேர்க்கை, இரண்டையும் அவர்கள் ஒரே அளவு இனிமை என்றே மதிப்பிட்டார்கள். அப்போ 'இரைச்சல்' என்ற தீர்ப்பில் பாதி தட்டில் இருக்கு, மீதி பாதி கேட்கிறவர் வளர்ந்த வீட்டில் இருக்கு.

16) சரி, இரண்டாவது குற்றச்சாட்டு: "காப்பி". இதில் உண்மை இருக்கு. தொகுப்பில் பல பாட்டு அமெரிக்க, பிரிட்டிஷ் பாட்டுகளே. சொந்தப் பாட்டுகளும் அந்த உச்சரிப்பிலேயே இருக்கும். நம்ம தெரு, நம்ம மொழி எதுவும் அதில் கேட்காது. ஒருத்தர் இதைக் குறையாச் சொன்னா அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன்.

17) ஆனா கடன் வாங்காத இசை எங்க இருக்கு? கர்நாடக மேடையில் வயலின் ஐரோப்பாவில் இருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதில் ஒன்று பிரிட்டிஷ் அரசரின் தேசிய கீத மெட்டு! பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டைப் பாடித்தான் தொடங்கினார்கள். காப்பியில் தொடங்குவது எல்லாரும் செய்வது. அங்கிருந்து எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி.

18) இந்தப் பசங்களுக்குப் போக வழி இல்லாமல் போனது. ரெக்கார்டு கம்பெனிகளுக்குச் சினிமாப் பாட்டும் சாஸ்திரிய இசையும் போதும். பெரும்பாலான ராக் குழுக்கள் ஒரு முழு எல்பி கூடப் போடாமலே கலைந்தன. வேலை, கல்யாணம், வெளிநாடு. சிலர் வேறு திசையில் போனார்கள். மெட்ராஸில் பிறந்த ரமேஷ் சோத்தம், 70களில் பெங்களூரின் 'ஹியூமன் பாண்டேஜ்' ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு தவில் கற்று, ஜெர்மனி போய் உலக ஜாஸ் மேடைகளில் வாசித்தார். ராக் டிரம்ஸ்ல இருந்து தவிலுக்கு! காப்பின்னு ஒதுக்குன இடத்துல இருந்துதான் இந்தப் பாதையும் கிளம்புச்சு.

19) மூன்றாவது கூட்டம் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. ஐரோப்பா, அமெரிக்காவில் பழைய ரெக்கார்டு சேகரிப்பவர்கள். அவர்கள் தேடியது பெரிய நட்சத்திரங்களை அல்ல, யாரும் கேட்காத குழுக்களை. 'சிம்லா பீட்' தட்டுகள் அவர்கள் கையில் கிடைத்ததும் அரிய பொருளாகின. வெளிநாட்டு லேபிள்கள் மறுபதிப்பும் போட்டன. 2014-ல் பத்திரிகையாளர் சித்தார்த் பாட்டியா 'இந்தியா சைக்கடெலிக்' என்று அந்தத் தலைமுறை பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

20) அங்கேயும் ஒருமித்த கருத்து இல்லை. "என்னா வேகம், என்னா பசி" என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. "இந்தியான்னு சொன்னீங்க, சிதார் எங்கே?" என்று ஏமாந்தவர்களும் உண்டு. யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு ஊர்ல "ஏன் வெள்ளைக்காரன் மாதிரி வாசிக்கிற"ன்னு திட்டு. இன்னைக்கு வெளிநாட்டுல "ஏன் இந்தியன் மாதிரி வாசிக்கல"ன்னு திட்டு. 20 வயசுப் பையன் தனக்குப் பிடிச்சதை வாசிச்சான் என்பதை ரெண்டு பக்கமும் ஏத்துக்கல.

21) இப்ப நான் தள்ளி வெச்ச விஷயத்துக்கு வரேன். இந்த மூணு கூட்டத்துல யாரும் அதிகம் பேசாத நாலாவது ஆள் ஒருத்தர் இருக்கார். காசு கொடுத்தவர். அவர் பாட்டு நல்லா இருக்கா, காப்பியா, இரைச்சலா என்று கவலைப்படவே இல்லை. 18 வயசுல இருந்து 25 வயசுப் பையன் மனசுல 'சிம்லா' என்ற சொல் சந்தோஷத்தோட ஒட்டிக்கணும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

22) தேதிகளை வரிசையா வெச்சுப் பாருங்க. 1950-ல் லண்டனில் டால், ஹில் இருவரும் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிவிட்டார்கள். 1962-ல் பிரிட்டன் மருத்துவர் கல்லூரி அறிக்கை. 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை. 1965-ல் பிரிட்டன் டிவியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. 1970 ஏப்ரலில் அமெரிக்க ரேடியோ, டிவியில் தடை போடும் சட்டத்தில் அதிபர் நிக்ஸன் கையெழுத்து. அதே 1970-ல் இங்கே சிகரெட் பேரிலேயே எல்பி!

23) இந்தியாவில் பெட்டி மேல் எச்சரிக்கை வாசகம் போடச் சொன்ன சட்டமே 1975-ல்தான். விளம்பரத்தையும் ஸ்பான்சர் செய்வதையும் தடுத்த சட்டம் 2003-ல். 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டே ஒரு சிகரெட் பிராண்டு பேரில் நடந்தது இந்தத் தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். பாட்டுல ஆரம்பிச்ச வழி, பேட் வரைக்கும் போச்சு.

24) அப்போ அந்தப் பசங்க குற்றவாளிகளா? நான் அப்படி நினைக்கல. மேடை கேட்டு அலைஞ்ச பசங்களுக்கு யாரும் கதவு திறக்கல, சிகரெட் கம்பெனி திறந்தது. அந்தக் காசு இல்லன்னா இந்த ஒலி இன்னைக்கு நம்ம கைக்குக் கிடைச்சிருக்காது. இது கசப்பான உண்மை. கம்பெனியைத் திட்டிட்டு ரெக்கார்டை மட்டும் புகழ்வதும், ரெக்கார்டைப் புகழ்ந்துட்டு கம்பெனியை மறப்பதும் ரெண்டுமே சுலபம். ரெண்டையும் சேர்த்துக் கையில வெச்சுக்கிறதுதான் கஷ்டம். நான் அதைத்தான் கேக்கிறேன்.

25) நம்ம வட்டாரத்துக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நகரத்துப் பையனுக்கு சிகரெட்டும் கிட்டாரும். குடியாத்தம், வேலூர் பக்கம் வீட்டுத் திண்ணையில் பெண்கள் மடியில் முறத்தை வெச்சு பீடி சுத்தினாங்க, இன்னைக்கும் சுத்துறாங்க. பீடிக்கு யாரும் ராக் போட்டி நடத்தல. ஆனா 2016-17 தேசிய ஆய்வுப்படி இந்தியாவில் பெரியவர்களில் 7.7% பேர் பீடி, 4% பேர் சிகரெட் பிடிக்கிறார்கள். ஏதோ ஒரு வகையில் புகையிலை எடுப்பவர்கள் மொத்தம் 28.6%. தமிழ்நாட்டில் 20%. "பீடி தான டாக்டர், சிகரெட் இல்லையே" என்பது ஆறுதல் இல்லை. நுரையீரலுக்கு பிராண்டு தெரியாது.

26) காது பத்தி ஒரு வார்த்தை, இல்லன்னா ஈஎன்டி நண்பர்கள் கோவிச்சுப்பாங்க. இந்த மாதிரி பாட்டை சத்தமா வெச்சாத்தான் சுகம்னு தோணும். 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டே காது கேளாமை பற்றி வெளிப்படையாகப் பேசியவர். டேனரி டிரம் பக்கத்திலும், ஷூ கம்பெனி மிஷின் பக்கத்திலும் நாள் முழுக்க நிக்கிறவங்க, பஸ்ல வரும்போது ஹெட்போன்ல அதே அளவு சத்தத்தை ஏத்தாதீங்க. கேட்டு முடிச்சப்புறம் காதுல 'கொய்ங்'னு ரீங்காரம் இருந்தா, அது காது போடுற புகார்.

27) சரி, என் தீர்ப்பு என்ன? எனக்கு அந்த எல்பிக்களில் பாதி பிடிக்கும். கிட்டார் உறுமுற இடம் பிடிக்கும். ஓசி உச்சரிப்பு பிடிக்காது. மூணு கூட்டமும் சொல்றதுல ஆளுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஒரு தடவை கேட்டு முடிவு பண்ணாதீங்க, மூணு தடவை கேளுங்க. அப்பவும் பிடிக்கலன்னா தாராளமா நிறுத்துங்க. உங்க வீட்டுப் பிள்ளை இதைவிடக் கரடான ஒண்ணைக் கேட்டுக்கிட்டு இருந்தா, "என்ன இரைச்சல்"னு கத்துறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து ஒரு பாட்டு கேளுங்க.

28) கூடவே ஒரு கேள்வியையும் பழக்கிக்கோங்க: "இதுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?" புகையிலை, மது கம்பெனிகள் நேரடியாக விளம்பரம் செய்ய முடியாதபோது பாக்கு, சோடா, மியூசிக் சிடி என்று வேற வேற பேரில் வந்த கதை இந்தியாவில் எல்லாருக்கும் தெரியும். 1970-ல் அது எல்பி உறையில் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த வகையில் அன்னைக்கு இருந்தவங்க நேர்மையானவங்க! இன்னைக்கு தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

29) இதைப் படிக்கிற யாராவது புகையை விடணும்னு நினைச்சா, தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனைகளிலும் ஆலோசனை உண்டு. வெட்கப்பட ஒண்ணுமில்லை. நிறுத்தி ஒரு வருஷத்துல மாரடைப்பு அபாயம் பாதியா குறையும்.

30) பழைய பேண்டுல வாசிச்ச மாமா, சித்தப்பா, பெரியப்பா யாராவது உங்க வீட்டுல இருந்தா, அவங்களை உக்கார வெச்சு பேச்சைப் பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. அந்தத் தலைமுறைக்கு 75 வயசு தாண்டிடுச்சு. எல்பிக்கு மறுபதிப்பு வரும், ஆளுக்கு வராது. கேட்டவங்க உங்களுக்குப் பிடிச்சுதா, பிடிக்கலையான்னு கீழ எழுதுங்க. சண்டை போட்டாலும் பரவாயில்லை, மரியாதையா போடுங்க.